டெல்லரைக் காத்திருக்கச் சொன்ன கதை



சென்ற இதழ் கடைகளுக்குப் போன வாரத்தில், கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். மூன்றரைப் பக்கம் நம் தொடர்கதையின் கதாநாயகியைத் திட்டி. கடைசி அரைப் பக்கம் தம் மகளைப் பற்றி. மகள் நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். வாசித்தால் புரிகிறது, எழுதினால் பிழை வருவதில்லை. காதால் கேட்கும்போதுதான் திண்டாட்டம். பயிற்சி ஒலிப்பதிவில் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் “கிவிம்” என்கிறாள், “டேக்கெம்” என்கிறாள், “ஆஸ்கர்” என்கிறாள். அகராதியில் தேடியும் கிடைக்கவில்லை. “ஆஸ்கர் என்பது சினிமாக்காரர்களுக்குக் கொடுப்பதுதானே ஐயா, அது ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தது?” என்று கேட்டிருந்தார்.

படித்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த விஷயத்தில் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

பத்திரிகைக்கு வருமுன் சில வருஷம் நான் சென்னைப் பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த நாளில் சின்னத் தொகைக் காசோலைகளுக்கு உடனுக்குடன் பணம் கொடுக்க ஒரு கவுன்டர் இருக்கும். அதில் உட்காருகிறவருக்கு டெல்லர் என்று பெயர். ஒரு நாள் எங்கள் மேலாளரைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கப்பல் சரக்கு சம்பந்தமான காரியம். அவருடைய காரியதரிசி அம்மாள் காகிதக் கட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் அறைக்குள் நுழையும்போது அந்தத் துரை என்னைத் திரும்பிப் பார்த்து, “டெல்லர் டு வெயிட்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேரே டெல்லர் கவுன்டருக்குப் போனேன். “சார், உங்களைக் கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்றாங்க” என்றேன். அவர் கண்ணியமான மனிதர். ஏன், யார் என்று கேட்கவில்லை. பணப்பெட்டியை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். கால் மணி நேரம் ஒருவருக்கும் பணம் போகவில்லை. பெஞ்சில் இருந்த அம்மாளிடம் யாரும் ஒன்றும் சொல்லாததால் அவர் காகிதக் கட்டோடு கிளம்பிப் போயே போய்விட்டார். துரை வெளியே வந்து தேடியபோதுதான் விஷயம் வெடித்தது. அவர் சொன்னது “டெல் ஹர் டு வெயிட்”. அந்த அம்மாளை இருக்கச் சொல். அவ்வளவுதான்.

அன்றைக்கு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டது. மறக்காதது, நான் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் முதல் மாணவன் என்பது. மீ, அஸ், யூ, ஹிம், ஹர், இட், தெம் என்று செயப்படுபொருளில் வரும் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். ஒவ்வொன்றும் தனித்தனி மணியாக என் தலைக்குள் இருந்தது. அவை வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வெளியே வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு இங்கிலாந்துக்காரர் சாதாரணமாகப் பேசும்போது, ‘அவளிடம் சொல்’ என்பதும் ‘காசாளர்’ என்பதும் இம்மி வித்தியாசம் இல்லாமல் ஒரே ஒலி. என் காதில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அதன் பிறகு பத்து வருஷம் ஆயிற்று.

ஆங்கிலத்தின் நடை தவில் அடி மாதிரி. அடி விழும் இடத்தில் பலமாக விழும்; நடுவில் இருப்பதெல்லாம் கிடைத்த சந்தில் நசுங்கிக்கொண்டு ஓட வேண்டும். நாம் எழுத்துக்கு எழுத்து மாத்திரை கொடுத்துப் பழகியவர்கள். ஆங்கிலம் அப்படிக் கொடுக்காது. எந்தச் சொல் புதுச் செய்தி சொல்கிறதோ அதற்குத்தான் அடி. ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ என்பவை ஏற்கெனவே பேச்சில் வந்துபோன ஆட்களையும் பொருட்களையும் சுட்டுபவை. புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே அடியும் இல்லை. அடியில்லாத சொல்லில் முதலில் உதிர்வது ஹகரம். ‘ஹிம்’ இம் ஆகும், ‘ஹர்’ அர் ஆகும். முன்னால் நிற்கும் வினையின் கடைசி மெய்யில் அந்த உயிர் ஏறி உட்கார்ந்துவிடும்: ‘டெல் ஹிம்’ டெல்லிம் ஆகும், ‘ஆஸ்க் ஹர்’ ஆஸ்கர் ஆகும், ‘கிவ் ஹிம்’ கிவிம் ஆகும்.

மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது நமக்குப் புதிதா? நன்னூல் படித்த பிள்ளைகளுக்கு இது இயல்புப் புணர்ச்சி. ‘பால் இல்லை’ என்று இடைவெளி விட்டு யாரும் சொல்வதில்லை, ‘பாலில்லை’ என்றுதான் வாய் சொல்கிறது. ‘பிக் இட் அப்’ என்ற மூன்று சொல்லும் அதே விதிப்படிதான் ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் வருகின்றன. நம் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு அந்தத் திட்டு மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று. ‘நைஸ் டு மீட் யூ’ என்பதைப் படங்களில் கவனியுங்கள், ‘மீச்சூ’ என்று கேட்கும். ‘காட் யூ’ என்பது ‘காட்சா’ ஆகிவிட்டது. ‘பெட் யூ’ என்பது ‘பெட்சா’. டகரமும் யகரமும் மோதினால் சகரம் பிறக்கிறது. இது என்ன கொச்சை என்று முகம் சுளிக்கிறவர்கள், காலையிலிருந்து தாங்கள் பேசியதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ‘படித்தேன்’ நம் வாயில் ‘படிச்சேன்’ ஆகிறது. ‘அடித்து’ அடிச்சு, ‘வைத்து’ வச்சு. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பக்கத்தில் தகரம் வந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிச் சகரமாக்கிவிடும். ஒலிகள் வேறு, நாக்குச் செய்யும் வேலை ஒன்று.

ஹகரம் விடுவதைப் பற்றி ஒரு சந்தேகம் எழலாம். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் எலைசா என்ற லண்டன் பூக்காரிப் பெண் ஹகரத்தை விழுங்குவாள், ஹிக்கின்ஸ் என்ற பேராசிரியர் அவளைத் திருத்துவார். அது கல்லாதவர் பேச்சு இல்லையா? இது வேறு சங்கதி. எலைசா ‘ஹவுஸ்’ என்ற பெயர்ச்சொல்லிலும் ஹகரத்தை விட்டுவிடுவாள். அதைத்தான் அந்த ஊர் மேல்தட்டு பரிகாசம் செய்தது. வினைக்குப் பின்னால் அடியில்லாமல் வரும் ஹிம், ஹர் இரண்டிலும் ஹகரத்தை விடாத ஆளே அங்கே அபூர்வம். செய்தி வாசிப்பவர் விடுவார், நீதிபதி விடுவார், ஹிக்கின்ஸ் மாதிரிப் பேராசிரியர்களும் விடுவார்கள். ‘அவளிடம் அல்ல, அவனிடம் சொன்னேன்’ என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் ஹகரம் முழுசாகத் திரும்பி வந்து நிற்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒலியியல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ் 1917-ல் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். ஒரே சொல்லுக்கு வலுவான ஒலிப்பு ஒன்று, மெலிந்த ஒலிப்பு ஒன்று என்று அந்த நாளிலிருந்தே பயிற்சிப் புத்தகங்களில் இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களுக்குத்தான் வந்து சேரவில்லை.

இனி ‘டேக்கெம்’, அதாவது ‘டேக் தெம்’. எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

‘தெம்’ என்பதில் தகரம் உதிர்ந்து ‘எம்’ ஆயிற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆங்கிலேயர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, உதிர்ந்த எழுத்துக்கு அடையாளமாக முன்னால் ஒரு அபாஸ்ட்ரஃபி குறி போட்டு அச்சடிக்கிறார்கள். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற சீட்டாட்டத்தின் பெயரில்கூட அந்தக் குறி இருக்கிறது. உண்மை நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் ‘அவர்களை’ என்பதற்கு ‘தெம்’ என்ற சொல்லே கிடையாது. ஹகரத்தில் தொடங்கும் வடிவங்கள்தான் வழக்கில் இருந்தன; அவற்றில் ஒன்றுதான் பிறகு ‘ஹெம்’ ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் கப்பல் கப்பலாக வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். சண்டை போட்டார்கள், பிறகு நிலம் உழுதார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததுதான் ‘தெம்’. ‘தே’, ‘தேர்’ எல்லாமே அந்த வழிதான். ஒரு மொழி இன்னொரு மொழியிலிருந்து கத்திரிக்காய்க்கும் கப்பலுக்கும் பெயர் வாங்குவது சகஜம். ‘அவர்கள்’ என்ற சொல்லையே கடன் வாங்குவது அபூர்வத்திலும் அபூர்வம்.

வடக்கில் நுழைந்த சொல் தெற்கே இறங்க நூற்றாண்டுகள் பிடித்தன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி கதைகளை எழுதிய சாசர் எழுவாயில் ‘தே’ என்று புதுச் சொல்லைப் போடுகிறார். செயப்படுபொருள் வந்தால் பழைய ‘ஹெம்’தான். பிறகு மெள்ள மெள்ள ‘தெம்’ எழுத்து முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஹெம் என்ன ஆயிற்று? எழுத்திலிருந்து விரட்டப்பட்டு வாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது. அடியில்லாத இடத்தில் ஹகரம் போய் ‘எம்’ ஆயிற்று. இன்றைக்கு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் ‘டேக்கெம்’ என்கிறபோது, அது ‘தெம்’மின் சிதைவு அல்ல. ‘தெம்’ அந்த ஊருக்குக் கப்பலேறி வருமுன்பே அங்கே குடியிருந்த சொல். இலக்கணப் புத்தகத்துக்காரர்தான் வந்தேறி. ‘கொச்சை’ என்று நாம் ஒதுக்கியவர் ஊர்க்காரர்.

‘இட்’டும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹிட்’. அடியில்லாத இடங்களில் ஹகரம் உதிர்ந்து உதிர்ந்து, கடைசியில் உதிர்ந்த வடிவமே ஊருக்கெல்லாம் வடிவமாகிவிட்டது. அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பக்கத்து முதியவர்கள் பேச்சில் அழுத்திச் சொல்லும் இடத்தில் ‘ஹிட்’ நெடுநாள் இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்களில் ‘அவனைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘ஐ சீ அன்’ என்கிற மாதிரி ஒன்று கேட்கும். அந்த ‘அன்’, ‘அவனை’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த ‘ஹினே’யின் கடைசி வாரிசு. ஹிம் என்பது உண்மையில் ‘அவனுக்கு’. நான்காம் வேற்றுமை இரண்டாம் வேற்றுமையின் வேலையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டது.

நான்காம் வேற்றுமை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ‘மீதிங்க்ஸ்’ என்ற ஒரு சொல் அடிக்கடி வரும். கல்லூரியில் எங்களுக்கு ‘ஐ திங்க்’ என்று பொருள் சொல்லிக் கடந்துபோனார்கள். அது ‘நான் நினைக்கிறேன்’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றுக்குப் பொருள் நினைத்தல், மற்றொன்றுக்குத் தோன்றுதல். ஒலி ஒன்றுக்கொன்று நெருக்கம். ‘மீதிங்க்ஸ்’ இரண்டாவதிலிருந்து வந்தது. முன்னால் இருக்கும் ‘மீ’ நான்காம் வேற்றுமை. எனக்குத் தோன்றுகிறது. அட்சரம் பிசகாமல் நம் ‘எனக்குத் தோணுது’! ‘பிடிக்கும்’ என்பதும் அப்படியே இருந்தது. ‘நான் விரும்புகிறேன்’ என்று அன்றைய ஆங்கிலேயன் சொல்லவில்லை; ‘எனக்குப் பிடிக்கிறது’ என்ற அமைப்பில்தான் சொன்னான். பிடிக்கும் பொருள் எழுவாய், மனிதன் நான்காம் வேற்றுமை. பின்னால் வேற்றுமை உருபுகள் தேய்ந்து, எழுவாய் முதலில் நிற்க வேண்டும் என்ற வழக்கம் இறுகியபோது, ‘மீ’ இறங்கி ‘ஐ’ ஏறிக்கொண்டது. ‘ஐ லைக்’ என்பதை நம் பிள்ளைகள் ‘எனக்குப் பிடிக்கும்’ என்று மொழிபெயர்க்கும்போது, தெரியாமலே எழுநூறு எண்ணூறு வருஷம் பின்னால் போய் நிற்கிறார்கள்.

‘யூ’ கதையும் உண்டு. அதுவே முதலில் செயப்படுபொருள்தான். எழுவாய்க்கு ‘யீ’ என்று தனிச்சொல் இருந்தது. 1611-ல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இரண்டையும் பிரித்துப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதற்குள் தெருவில் ‘யூ’ இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தாகிவிட்டது. இதற்கு மேல் போனால் நம் துணையாசிரியர் பக்கத்தைக் கேட்டு வந்துவிடுவார்.

எழுத்துக்கு வருவோம். ‘கிவ் மீ’ என்பது ‘கிம்மி’, ‘லெட் மீ’ என்பது ‘லெம்மி’. வகரமும் டகரமும் மகரத்துக்குள் கரைந்துபோகின்றன. ரோலிங் ஸ்டோன்ஸ் 1969-ல் ஒரு பாட்டுக்கும், ஆபா குழு 1979-ல் இன்னொரு பாட்டுக்கும் தலைப்பிலேயே ‘கிம்மி’ போட்டார்கள். பாட்டில் இருக்கலாம், நண்பனுக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில் இருக்கலாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இருக்கக் கூடாது. நம் நிருபர் ‘வந்துட்டாரு’ என்று செய்தி எழுதினால் நான் ‘வந்துவிட்டார்’ என்று திருத்துவதில்லையா, அதே ஒழுங்குதான்.

இந்தக் கூட்டத்தில் எழுத்துக்கும் ஏறி, பெரிய மனிதர் சபையிலும் நாற்காலி வாங்கியது ‘லெட்ஸ்’ ஒன்றே. ‘லெட் அஸ்’ சுருங்கியது. சுருங்கியதோடு பொருளும் பிரிந்துவிட்டது. ‘லெட்ஸ் கோ’ என்றால் வா போகலாம். கடத்தல்காரனிடம் மாட்டிக்கொண்டவர்கள் ‘லெட் அஸ் கோ’ என்றால் எங்களை விடு. முதலாவதில் கேட்கிறவனும் சேர்த்தி, இரண்டாவதில் அவன் வெளியே. ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொல் இல்லாத மொழி, ஒரு உயிரெழுத்தை விழுங்கியே அந்த வேறுபாட்டைச் சமாளித்துக்கொண்டது பாருங்கள். அதே ‘அஸ்’ பிரிட்டனில் இன்னொரு வேடமும் போடும். ‘கிவ் அஸ் எ ஹேண்ட்’ என்று ஒற்றை ஆள் கேட்பான். பொருள் ‘எனக்குக் கொஞ்சம் கை கொடு’. நம்மூர் டீக்கடையில் தனியாக வந்து நின்று “நமக்கு ஒரு டீ சொல்லுப்பா” என்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போனை எடு என்பதற்கு ‘பிக் அப் த போன்’ என்றும் சொல்லலாம், ‘பிக் த போன் அப்’ என்றும் சொல்லலாம். போனுக்குப் பதில் ‘அது’ வந்தால் ‘பிக் இட் அப்’ ஒன்றுதான் வழி. ‘பிக் அப் இட்’ என்றால் வெள்ளைக்காரக் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். காரணம் மறுபடியும் தவில் அடிதான். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் கனமான சொல்லுக்கு. இட், ஹிம், தெம் போன்ற பஞ்சுப் பொதிகள் அங்கே நிற்காது. வினையோடு ஒட்டிக்கொண்டு நடுவில் போய்விடும். ‘டர்ன் இட் ஆஃப்’, ‘த்ரோ தெம் அவே’, ‘வேக் ஹிம் அப்’. ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதில் ஹிம் கடைசியில் நிற்கிறதே என்று மடக்குவீர்கள். அங்கே ‘ஆஃப்டர்’ வினைக்குச் சொந்தமல்ல, ஹிம்முக்குச் சொந்தம். நம் வேற்றுமை உருபு மாதிரி. அதனால் பிரிக்க முடியாது. எது வினையின் பிள்ளை, எது பெயரின் பிள்ளை என்று ஒவ்வொன்றாகப் பழகித்தான் ஆக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக யாராவது முப்பது நாள் புத்தகம் விற்றால் வாங்காதீர்கள்.

காதில் விழாதது ஒரு பக்கம் இருக்கட்டும். வாயில் வராதது இன்னொரு பக்கம். “படம் பார்த்தியா?” என்று கேட்டால் “பார்த்தேன்” என்கிறோம். “மாத்திரை சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேன்.” ‘அதை’ என்று சொல்ல வேண்டிய அவசியமே தமிழில் இல்லை. சொன்னால்தான் விசேஷ அழுத்தம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போய் ‘யெஸ், ஐ லைக்ட்’, ‘ஐ என்ஜாய்ட்’ என்று நிறுத்திவிடுகிறோம். எதை, எதை என்று அவர்கள் காது காத்துக்கொண்டே இருக்கும். ‘லைக்ட் இட்’ என்றால்தான் வாக்கியம் அவர்களுக்கு மூடும். அந்த ‘இட்’டில் பொருள் ஒன்றுமில்லை, கதவின் தாழ்ப்பாள் மாதிரி. 1988-ல் நைக்கி செருப்புக் கம்பெனி ‘ஜஸ்ட் டூ இட்’ என்று விளம்பரம் செய்தது. எதைச் செய்ய? யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதைத் தமிழாக்கச் சொன்னால் ‘அதைச் செய்’ என்று எழுதுகிறவருக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். ‘செஞ்சிடு’ என்று எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண். அவர்களுக்கு ‘இட்’ செய்கிற வேலையை நமக்கு ‘விடு’ என்ற துணைவினை செய்கிறது. அதையும் நாம் சும்மா விடவில்லை. ‘செய்துவிடு’ என்பதை நசுக்கிச் ‘செஞ்சிடு’ ஆக்கி, அவர்கள் ‘கிவிம்’ என்கிற மாதிரியே ஒட்டித்தான் வைத்திருக்கிறோம்.

பெயரைச் சொல்லாமல் விடும் துணிச்சல் தமிழுக்கு எங்கிருந்து வந்தது? ஓரளவுக்கு நம் வினைகளே அந்தச் சேதியை வயிற்றில் வைத்திருப்பதால். ‘ப்ரிங் ஹிம்’, ‘ப்ரிங் இட்’ என்று ஆங்கிலம் பெயரை மாற்றும் இடத்தில், நாம் வினையையே மாற்றி ‘கூட்டிட்டு வா’, ‘எடுத்துட்டு வா’ என்கிறோம். வருவது ஆளா, பொருளா என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே, வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரித்து வைத்திருக்கிறது. அதாவது ‘தா’ என்றாலே எனக்கு என்பது உள்ளே இருக்கிறது. நாம் இன்று எல்லாவற்றுக்கும் ‘குடு’ என்று போட்டுக் கலக்கிவிட்டோம். மலையாளிகள் இன்னும் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள்; எனக்கும் உனக்கும் என்றால் ‘தருக’, அவனுக்கு என்றால் ‘கொடுக்குக’. மாற்றிச் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

கும்பகோணம் வாசகிக்கு: மகளிடம் ‘டெல்லிம்’, ‘ஆஸ்கர்’, ‘டேக்கெம்’, ‘கிவிட்’ என்று ஒரு நாற்பது வினைகளை ஒட்டுச் சொல்லாகவே நோட்டில் எழுதி, ஒலிப்பதிவோடு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அவளும் அப்படியே பேச வேண்டியதில்லை. அவள் ‘டெல் ஹிம்’ என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னால் யாரும் குறை காண மாட்டார்கள். மருந்து விஷயத்தில் நிதானம் நல்லதுதான். காது மட்டும் ஒட்டுக்குப் பழகிவிட்டால் போதும்.

கடைசியாக, என் மேலேயே ஒரு புகார். என் பெண் குடும்பத்தோடு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறாள். போன கோடையில் போயிருந்தபோது, ஐந்து வயதுப் பேரன் என் கையில் இருந்த பொம்மைக் காரைப் பார்த்து “கிவ் இட் மீ” என்றான். விடுவேனா? “தப்புடா கண்ணா. கிவ் இட் டு மீ, இல்லேன்னா கிவ் மீ தி கார்” என்று வகுப்பெடுத்தேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். உள்ளேயிருந்து பெண் வந்தாள். “அப்பா, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்றாங்க. அவன் ஸ்கூல் மிஸ்ஸே அப்படித்தான் சொல்வாங்க” என்றாள். பிறகு புரட்டிப் பார்த்தேன். அந்த வட்டாரத்திலும் வடக்கிலும் ‘கிவ் இட் மீ’ பரம்பரையாக இருக்கும் வழக்கு. டெல்லரைக் காத்திருக்க வைத்தவன் முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அதே ஆளாகத்தான் இருக்கிறேன்.

பையன் அதற்குள் பொறுமை இழந்துவிட்டான். ஆங்கிலத்தில் கேட்டால் தாத்தா பாடம் நடத்துவார் என்று புரிந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, அவனுக்குத் தெரிந்த சொற்பத் தமிழில் கேட்டான்.

“தாத்தா, தா.”

கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்